சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்

“சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்” என்பது நம்மவர் நாவில் நாளும் பயிலும் பழமொழி. அதற்கு இரண்டு பொருள் கூறுவர். அடுக்களையில் நிற்போர் கூறும் பொருள் வெளிப்படையானது: சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் ஏறும்? கோயில் வீதியில் நிற்போர் கூறும் பொருள் வேறு: கந்தசஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை தங்கும் என்பது அது. ஐப்பசி மாதத்து வளர்பிறையில், நல்லூரிலும் சந்நிதியிலும் மாவிட்டபுரத்திலும், பிள்ளை வரம் வேண்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

இரண்டாம் பொருளை நம் சமுதாயம் நெஞ்சில் இருத்தியிருக்கிறது. முதற் பொருளை மறந்துவிட்டது. பிள்ளைக்காகத் தவங்கிடக்கும் அந்தப் பெண்ணின் சட்டியில் என்ன இருந்தது என்று கேட்பார் இல்லை. அவள் கணவனின் சட்டியில் என்ன இருந்தது என்று கேட்பாரும் இல்லை. நாட்டை ஆளுவோர் அவ்விருவரின் சட்டியில் எதை இட்டார்கள், எதைப் பறித்தார்கள் என்று கேட்பார் அறவே இல்லை. இம்மூன்று கேள்விகளையும் பகிரங்கமாகக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

“அரசியல் ஏட்டில் அடுக்களைப் பேச்சு எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் 1953ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இந்நாட்டில் அரிசிக் கொத்து அரசாங்கத்தையே அசைத்திருக்கிறது. சோற்றில் அரசியல் உண்டென்றால், அச்சோற்றை உண்டு பிள்ளை சுமக்க வேண்டியவளின் உடம்பிலும் அரசியல் உண்டு என்பதில் ஐயமென்ன?

இருபத்தெட்டு நாள்

முதலில் உண்மை நிலையை அறிந்துகொள்வோம். கரு உண்டான நாளிலிருந்து ஏறத்தாழ இருபத்தெட்டு நாட்களுக்குள், குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். அது சரிவர மூடாவிடின் முள்ளந்தண்டு பிளவுபட்ட குழந்தையோ மூளை வளராத குழந்தையோ பிறக்கும். மூடிய பின்னர் எம்மருந்தாலும் அதனைத் திருத்தியமைக்க இயலாது. அந்த இருபத்தெட்டாம் நாளில் தாயின் நிலை என்ன? மாதவிலக்குத் தள்ளிப்போய் இரு வாரமே ஆகியிருக்கும். தான் கருவுற்றதை அவளே ஐயத்தோடு நினைத்துப் பார்க்கும் வேளை அது. அவள் கிளினிக்கிற் பதிந்து, அட்டை பெற்று, குளிசை வாங்கி விழுங்குமுன் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

அக்கதவைக் காக்கும் சத்துக்கு ஃபோலேற்று என்று பெயர். மருந்தாகச் செய்யப்படும் அதன் வடிவமே ஃபோலிக் அமிலம். அது கண்டறியப்பட்ட வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கொடிய இரத்தச்சோகையால் மாய்வதைக் கண்டார். அவர்களின் ஏழ்மையான உணவிலேயே குறை இருக்கிறதென ஆராய்ந்தறிந்து, ஈற்றில் மார்மைற் என்னும் மலிவான ஈஸ்ட்டுச் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் உலகறியச் செய்தார். அச்சாற்றினுள் ஒளிந்திருந்த சத்து 1941இற் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லாற் பெயர் பெற்றது.

அதே மார்மைற் நம் தீவிலும் ஒரு வரலாறு படைத்தது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள், மக்களை மாய்ப்பது காய்ச்சல் மாத்திரமன்று, காய்ச்சலுக்கு முன்னரே அவர்களை வாட்டிய பசியுங்கூட என்று கண்டனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தோழர்களும் மார்மைற்றை நாட்டு வைத்தியரின் உருண்டைகளைப் போல உருட்டி வழங்கினர். பருப்பு வழங்கிய என். எம். பெரேராவுக்குப் “பருப்பு மாத்தையா” என்றே பெயர் வழங்கலாயிற்று. நோய்க்கு முன் நிற்பது பசி என்னும் பாடம் இந்நாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே புகட்டப்பட்டுவிட்டது.

கருவுறுமுன் ஃபோலிக் அமிலம் உட்கொண்டாற் பயனுண்டா என்ற வினாவுக்கு விடை 1991இல் வந்தது. முன்னர் இக்குறையுள்ள குழந்தையைக் கருத்தரித்த தாய்மாரை ஏழு நாடுகளில் வைத்து ஆராய்ந்ததில், அதனை உட்கொண்டோரிடையே குறை 72 வீதத்தால் தணிந்தது. அடுத்த ஆண்டே ஹங்கேரி நாட்டு ஆய்வு, முன்னர் அத்தகைய குறை நேராத தாய்மாருக்கும் அது காப்பாகும் என்று காட்டிற்று. 1998 முதல் அமெரிக்கா தன் தானிய மாவில் அதனைக் கலப்பதைக் கட்டாயமாக்கியது. இன்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவது இது: பிள்ளை வேண்டும் என்று எண்ணும் நாள் தொட்டு, கருவுற்ற பன்னிரண்டு வாரம் வரையில், நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம். முன்னர் குறையுள்ள குழந்தை பிறந்த தாய்க்கும், நீரிழிவு, வலிப்பு முதலிய நோயுடைய பெண்ணுக்கும் வேண்டிய அளவை வைத்தியரே தீர்மானிப்பார்.

நம் மரபில் ஓர் இடைவெளி

நம் முன்னோர் பெண்ணின் உணவைப் பற்றிச் சிந்தியாதவர் அல்லர். பெண் பூப்பெய்தியவுடன் நல்லெண்ணெயும் முட்டையும் உழுந்துக்களியும் ஊட்டுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துப் பத்தியக் கறி சமைத்து, சின்ன மீனாகத் தேடி வாங்கி, நாற்பது நாள் போற்றுகிறோம். இவ்விரண்டு வழக்கமும் பாராட்டத்தக்கவை. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே என்ன செய்கிறோம்?

மணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தவள், மாமன் மாமி உண்டு, கணவன் உண்டு, மைத்துனர் உண்டபின், சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து உண்கிறாள். மீன் துண்டு அவள் முறைக்கு எஞ்சுவதில்லை. பாடசாலைக்கும் கந்தோருக்கும் செல்பவளோ காலையில் ஒரு துண்டுப் பாணும் ஒரு கோப்பைத் தேநீரும் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். கருவுறுவதற்கு முந்திய அந்த மாதங்களிலேதான் அவள் உடம்பு சத்துக்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும். அக்காலத்துக்கென்று நம் மரபிற் களியும் இல்லை, சரக்கும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டுத் தகரப்பேணி வேண்டியதில்லை. நம் மண்ணில் உள்ளதே போதிய துணை. பருப்பு, பயறு, கௌபி, கடலை, உழுந்து ஆகியவற்றில் ஃபோலேற்றும் புரதமும் உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி முதலிய இலைக்கறிகள் வேலியிலும் வளவிலும் விளைபவை. அவற்றை நீரில் நெடுநேரம் அவித்து அந்நீரைக் கொட்டிவிட்டாற் சத்தின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். இளஞ்சூட்டில் விரைந்து வறையாக்கலே சிறந்தது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியினும் தவிடு நீங்காத குத்தரிசியும் குரக்கனும் மேலானவை. சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்கள் பெருமீனினும் மலிவு. அவற்றிற் பாதரசமும் குறைவு. பெருஞ்சுறா முதலிய பெருமீன்களையும், விற்றமின் ஏ மிகுந்த ஈரலையும் இக்காலத்தில் அடிக்கடி உண்ணாதிருத்தல் நன்று.

இரும்புச்சத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. அதனோடு தேசிக்காய்ச் சாறோ நெல்லிக்கனியோ கொய்யாவோ சேர்ந்தால் ஏற்கும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புச்சத்து அவ்விரும்பைக் கட்டிப்போடும். தேயிலை விளையும் நாட்டில் தேநீரை விடச் சொல்லவில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்கிறோம். இதற்குக் காசு செலவில்லை.

“மலடி” என்னும் வசை

இனி இரண்டாம் கேள்வி. மணமாகி ஈராண்டு சென்றும் வீட்டில் தொட்டில் ஆடாவிட்டால், ஊரார் விரல் யாரை நோக்கி நீள்கிறது? பெண்ணைத்தான். மங்கல வைபவங்களில் அவளை ஒதுக்குவர், வளைகாப்புக்கு அழையார், “மலடி” என்று மறைவிலும் சிலவேளை நேரிலும் ஏசுவர். கணவனுக்கு மறுமணம் பேசும் உறவினரும் உளர். இத்தகைய வசைக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், குறை ஆணிடத்திலோ இருவரிடத்திலுமோ இருப்பதாக மருத்துவம் கூறுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்டது. ஆறில் ஒருவருக்கு நேர்வது சாபமும் அன்று, குற்றமும் அன்று.

ஆணின் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். ஆகவே இன்று அவன் ஊதும் சிகரெட்டும் குடிக்கும் சாராயமும் மூன்று மாதத்துக்குப் பின் பேசும். மனைவி ஆறு நாள் நீரருந்தி விரதம் இருக்க, கணவன் மாலைதோறும் தவறணை வாசலில் நிற்பது எந்தச் சாத்திரத்தில் உள்ள தவம்?

உழவர் பெருமக்கள் ஒரு வரலாற்றைச் சிறப்பாக அறிய வேண்டும். பயிரின் வேரைத் தின்னும் நுண்புழுக்களைக் கொல்ல “டிபிசிபி” என்னும் நஞ்சு அமெரிக்காவில் உற்பத்தி செய்யப்பட்டது. கலிபோர்னியாவில் அதனை ஆக்கும் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர், தங்களுள் எவருக்கும் பிள்ளை பிறப்பதில்லையே என்று தம்முட் பேசிக்கொண்டனர். 1977இல் அவர்களைச் சோதித்தபோது பலரிடம் விந்தணு மிகக் குறைவாயிருந்தது. சிலரிடம் அறவே இல்லை. அந்நாட்டில் அந்நஞ்சு பெரும்பாலும் தடுக்கப்பட்ட பின்னரும், மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அது பயன்படுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளர் வழக்காடும் நிலை ஏற்பட்டது. அத்தொழிலாளரின் மனைவியரையும் ஊரார் “மலடி” என்றே ஏசியிருப்பர் அல்லவா? வயலிலும் வெங்காயத் தோட்டத்திலும் வெறுங்காலோடு, முகக்கவசமின்றி, காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கும் நம் உழவர் இதனைச் சிந்திக்க வேண்டும். மருந்தடித்த உடையை மாற்றி, உடல் கழுவிய பின்னரே உணவில் கை வைத்தல் வேண்டும். அந்த உடையை மனைவியின் உடையோடு கலந்து தோய்க்கலாகாது.

உணவு எதைச் செய்யும், எதைச் செய்யாது

உணவைப் பற்றி இத்துணை எழுதிவிட்டு, அதன் எல்லையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. இதைத் தின்றாற் பிள்ளை தங்கும் என்று உறுதி கூறத்தக்க உணவு உலகில் எதுவும் இல்லை. அடைபட்ட கருக்குழாயை எக்கீரையும் திறவாது. அமெரிக்கத் தாதியர் 17,544 பேரை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றுண்டு. பருப்பு வகைப் புரதத்தையும், மெதுவாகச் செரிக்கும் மாப்பொருளையும் கூடுதலாக உண்டு, கடினமாக்கிய கொழுப்பைக் குறைத்தோரிடையே, முட்டை முதிராமையால் வரும் தாமதம் குறைவாயிருந்தது என்று அது கூறுகிறது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றி, காரணத்தை ஐயமற நிறுவுவதன்று. எனினும் அது காட்டும் திசை, நம் பாட்டிமாரின் பயற்றங்கறியும் குரக்கன் பிட்டும் நிற்கும் திசையே என்பதை நோக்குக.

மிகை மெலிவும் மிகைப் பருமனும் இரண்டும் மாதவிலக்கைக் குழப்பும். சினைப்பையில் நீர்க்கட்டி உடையோர் பலருக்கு, உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே முட்டை முதிர்தல் சீரடைவதுண்டு. நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்ப்போர் இதனைக் கவனிக்க. நீரிழிவு உள்ளதறியாது கருவுற்றாற் குழந்தைக்கு அங்கக் குறை நேரும் அபாயம் மிகும். ஆதலால் இரத்தத்திற் சீனியின் அளவையும் சோகையையும் கருவுறுமுன்னரே சோதித்தல் வேண்டும்.

பத்திரிகைகளில் விளம்பரமாகும் லேகியங்களும் “ஆண்மை” மாத்திரைகளும் நம்மவர் காசைக் கரைக்கின்றன. நாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2020இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. விந்தணுவின் தரமும் அதனால் உயரவில்லை; பிள்ளைப்பேறும் கூடவில்லை. ஓராண்டு முயன்றும் கருவுறாவிடின், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று தகுதி வாய்ந்த வைத்தியரைக் காண்பதே முறை. அந்த வயதுக் கணக்கைப் பட்டமும் பதவியும் பெற்றபின் மணம் முடிக்கும் நம் இளைஞர் மறத்தலாகாது.

விரதத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பாலும் பழமும் அருந்தி இருப்பதும், ஒருபோது உண்டு இருப்பதும் சைவ மரபு ஏற்ற முறைகளே. சோகை உடையவளும், நீரிழிவு உடையவளும், கரு தங்கியிருக்கலாம் என்று ஐயுறுபவளும் மிளகும் நீரும் மாத்திரம் கொண்டு ஆறு நாள் வாடுதல் வேண்டா. முருகன் கேட்பது பக்தி, பட்டினியன்று.

பசி எழுதிய ஏடு

மூன்றாம் கேள்வி ஆளுவோரைச் சாரும். 1944ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாது தடுத்தனர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கான பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே வீழ்ந்தது. பத்து மாதம் கழித்துப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, பிறப்புக்கள் ஏறத்தாழப் பாதியாயிருந்தன. பசித்த உடம்பு கருவை ஏற்க மறுத்தது. அப்பஞ்சத்திற் கருவானவர்கள் வளர்ந்து முதியோரான பின்னரும், அவர்களிடம் நீரிழிவும் இதய நோயும் மனநோயும் மிகுதி என்று அந்நாட்டார் ஆராய்ந்து கண்டனர். தாய் உண்ணாத சோறு பிள்ளையின் அறுபதாம் வயதிற் கணக்குக் கேட்கிறது.

இதனை வாசிக்கும் தமிழ் பேசும் மக்களின் நெஞ்சு எங்கே செல்லும் என்பது நாம் கூறாமலே விளங்கும். 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில், வன்னியின் ஒடுங்கிய கரையோரத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைபட்டு, உப்பிட்ட கஞ்சியை உயிர்த்துணையாகக் கொண்டனர். மே மாதந்தோறும் அக்கஞ்சியை நாம் பகிர்ந்து அருந்துகிறோம். அதனை நினைவுச் சடங்காக மாத்திரம் நிறுத்திவிடலாகாது. அக்காலத்திற் கருவான பிள்ளைகள் இன்று பாடசாலையின் மேல்வகுப்பை எட்டியிருக்கின்றனர். நெதர்லாந்து தன் பிள்ளைகளைத் தேடிச்சென்று ஆராய்ந்தது போல, நம் மருத்துவ பீடங்களும் அரசாங்கமும் இப்பிள்ளைகளின் உடல் நலத்தைத் தொடர்ந்து கவனித்தல் வேண்டும்.

மலைநாட்டுக்குச் செல்வோம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தோட்டப்புறத்திலோ 32 வீதம். இக்குள்ளம் பிறந்த பின் வந்தது மாத்திரமன்று. கொழுந்து கூடையைச் சுமந்து, காலையில் ரொட்டியும் சாயத்தண்ணீரும் குடித்து மலையேறிய தாயின் உடம்பிலேயே அது தொடங்கிவிடுகிறது. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களின் பேத்திமார் இன்று வாக்குரிமை பெற்றுவிட்டனர். அவர்களின் தட்டு இன்னும் நிறையவில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இத்துன்பத்தை நாடெங்கும் பரப்பியது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உரத்தை ஒரே நாளிற் தடைசெய்து உழவரின் விளைச்சலை வீழ்த்திய ஆட்சியாளர், எத்தனை வீடுகளிற் பருப்பும் முட்டையும் சட்டியிலிருந்து மறைந்தன என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணிக்கை பேசுவோர்க்கு

இவ்விடத்தில் நம்மவர் சிலருக்கும் ஒரு சொல். “தமிழரின் தொகை குறைகிறது, நம் பெண்கள் நிறையப் பிள்ளை பெற வேண்டும்” என்று மேடைகளில் முழங்குவோர் பெருகியுள்ளனர். பெண்ணின் கருப்பை எவருடைய தேர்தற் கணக்கேடும் அன்று. எத்தனை பிள்ளை, எப்பொழுது, பெறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்போர் அவளும் அவள் கணவனுமே. தொகையைப் பற்றிக் கவலையுறும் தலைவர்கள், பிள்ளை வேண்டி ஏங்கி நிற்கும் பெண்ணின் சட்டியில் ஒரு பிடி பருப்பை இடுவதற்கு முதலில் குரல் எழுப்பட்டும். பிறவாத பிள்ளைகளை எண்ணுமுன், பிறந்தவை குறையின்றி வளர வழி செய்யட்டும்.

செய்ய வேண்டுவன

இந்நாட்டில் நல்ல அடித்தளம் ஒன்று இருக்கிறது. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று ஒவ்வொரு கிராமத்துக்கும் குடும்ப நல மாதை அனுப்பியிருக்கிறது. தன் பிரிவில் உள்ள தம்பதியரின் பதிவேடு அவள் கையில் உண்டு. புதுமணத் தம்பதியருக்கு ஆலோசனையும் ஃபோலிக் அமிலமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகக் கிடைக்கின்றன. இதனை அறிந்து நாடிச் செல்வது நம் கடமை. மணப்பதிவு செய்த கிழமையே மணமக்கள் இருவரும் அங்கு செல்வதை, தாலி கட்டுவதைப் போன்ற வழக்கமாக்கிவிட வேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பன நான்கு. முதலாவது, 1995இல் உப்புக்கு அயடீன் கட்டாயமாக்கப்பட்டது போல, பாணுக்கும் ரொட்டிக்கும் உரிய கோதுமை மாவில் ஃபோலிக் அமிலமும் இரும்பும் கலப்பதைச் சட்டமாக்க வேண்டும். குளிசையை மறப்பவளும், எதிர்பாராது கருவுறுபவளும் அப்பொழுதே காப்புப் பெறுவர். இரண்டாவது, சோகை மிகுந்த பகுதிகளில் மாதவிலக்குள்ள பெண்களுக்கு வாரந்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வழங்குக என்னும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரையை, தோட்டங்களிலும் போரால் நலிந்த மாவட்டங்களிலும் குறைவற நிறைவேற்ற வேண்டும். மூன்றாவது, 1973 முதல் கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் மெலிந்த குழந்தைக்கும் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா போன்ற உணவுதவியைக் கருவுறுமுன்னரே, மெலிந்த புதுமணப் பெண்ணுக்கும் நீட்ட வேண்டும். அதற்கான சோளத்தையும் சோயாவையும் நியாய விலைக்கு நம் உழவரிடம் கொள்ளலாம். தாயும் உழவனும் ஒருங்கே பயனடைவர். நான்காவது, தமிழ் பேசும் பெண்ணோடு தமிழிற் பேசும் மருத்துவ மாது இருத்தல் வேண்டும். மாதவிலக்கைப் பற்றியும் கணவனின் குடியைப் பற்றியும் மொழிபெயர்ப்பாளர் மூலமா ஒரு பெண் பேசுவாள்? மொழியுரிமை பாராளுமன்ற வாசலில் முடிவதன்று. அது கிளினிக்கின் வாங்கு வரை வந்து சேர வேண்டும்.

நம் வீடுகளில் நாமே செய்யக்கூடியது அதனினும் எளிது. இன்றிரவு சோறு பரிமாறும்போது மருமகளையும் உடன் இருத்தி உண்ணச் சொல்லுங்கள். முதல் மீன் துண்டை அவள் தட்டில் வையுங்கள். கணவன்மார் சோதனைக்கு முதலிற் செல்லுங்கள். “மலடி” என்ற சொல்லை நம் ஊர் வழக்கிலிருந்தே எரித்துவிடுங்கள். அதன் பின்னும் பிள்ளை பிறவாதாயின், அப்பெண் எக்குறையும் அற்ற மனுஷி என்று அவளோடு கூட நில்லுங்கள்.

சட்டியில் ஒன்றும் இடாது அகப்பையைக் கோபிப்பது அறிவுடையோர் செயலன்று. முதலிற் சட்டியை நிரப்புவோம்.